ஓ கேஜ் ரயிலுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்: பழைய இசட்டபிள்யூ, கேடபிள்யூ, புதிய இசட்-4000

மூன்று தண்டவாள ஓ கேஜ் பொம்மை ரயிலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேடும்போது கண் முதலில் போவது பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணுக்குத்தான். லயோனல் என்ற அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனத்தின் பழைய பெட்டிகளில் அது சுவர் பிளக்கிலிருந்து இழுக்கும் கணக்கு. தண்டவாளத்துக்கு வந்து சேருவது அதைவிடக் குறைவு. லயோனலின் 275 வாட் இசட்டபிள்யூவிடம், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் நான்கு கைப்பிடிக்கும் சேர்த்துத் தொடர்ந்து 10 ஆம்ப் அளவுக்கு எதிர்பார்க்கலாம்.

மின்சாரச் செலவு இப்படி: பழைய ஒற்றை மோட்டார் எஞ்சினுக்கு 2 ஆம்ப், புகை யூனிட்டுக்கு அரை ஆம்ப். விளக்கெரியும் பெட்டிகள்தான் கள்ளத்தனமாகத் தின்பவை. பெட்டிக்கு இரண்டு குண்டு பல்பு, பல்புக்குக் கால் ஆம்ப் என்றால் நாலு பெட்டிக்கே 2 ஆம்ப் போய்விடும். ஆக ஒரு பயணிகள் ரயில் நாலரை ஆம்ப். இசட்டபிள்யூவில் நாலு ரயில் ஓடும் என்பது விளம்பரப் பேச்சு. இந்த மாதிரி ரயில் இரண்டு ஓடும். பல்புகளை எல்இடிக்கு மாற்றினால் கதையே வேறு.

1948ல் 250 வாட்டாக வந்து, பிறகு 275 ஆகி, 1966 வரை விற்ற பெட்டி இசட்டபிள்யூ. வெளிப்பக்கம் இருக்கும் ஏ, டி கைப்பிடிகளில் மட்டும்தான் விசிலும் திசைமாற்றமும் உண்டு. உள்ளே இருக்கும் பி, சி இரண்டும் விளக்குக்கும் துணைக்கருவிகளுக்கும் போதும்.

பழையதை வாங்கினால் உடனே பிளக்கில் செருகாதீர்கள். முதலில் பவர் கார்டை மடக்கிப் பாருங்கள். ரப்பர் வெடித்தால் மாற்றியே ஆகவேண்டும். மூடியைக் கழற்றி, கைப்பிடியோடு சுருளின் மேல் உருளும் கார்பன் ரோலர்களைப் பாருங்கள். தேய்ந்து தட்டையாகிவிட்டால் சுருளின் மேல் பொறி பறந்து செம்பையே அரிக்கும். விசில் ஊத ஏசியோடு கொஞ்சம் டிசி கலந்து அனுப்பும் ரெக்டிஃபையர் வட்டு செத்திருந்தால் அதன் இடத்தில் கனமான சிலிக்கான் டையோடு போடலாம். திருப்பிப் போட்டுவிட்டால் இன்றைய எஞ்சின்களில் விசிலுக்குப் பதில் மணி அடிக்கும், அவ்வளவே.

உண்மையான பலவீனம், ஷார்ட் ஆனால் மின்சாரத்தை நிறுத்தவேண்டிய பிரேக்கர். அது வெப்பத்தில் வளைந்து ட்ரிப் ஆகும் பழைய வகை. தடம் புரண்டு ஷார்ட் ஆனால் அது அசைந்துகொடுப்பதற்குள், நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எஞ்சின் ரோலர் பற்றவைத்தது போல ஒட்டிவிடும், எஞ்சினுக்குள் இருக்கும் மின்னணு போர்டும் கருகிவிடும். இதைவிட மோசமான விஷயம், அந்த பிரேக்கர் நான்கு கைப்பிடிக்கும் பொதுவான யூ முனையில் மட்டும் இருக்கிறது. ஏ 18 வோல்ட்டிலும் பி 10 வோல்ட்டிலும் இருக்கும்போது எஞ்சினின் இரண்டு ரோலர்கள், அவை தனித்தனியாக ஊட்டும் இரண்டு தண்டவாளப் பகுதிகளையும் (பிளாக்) சேர்த்து நின்றால், மின்சாரம் யூ பக்கமே போகாது, சுருளுக்குள்ளேயே சுற்றும். பிரேக்கருக்குச் செய்தியே எட்டாது. அதனால் ஒவ்வொரு கைப்பிடி வயரிலும் தனித்தனியாக 7 முதல் 10 ஆம்ப் வேக பிரேக்கர் அல்லது பியூஸ் வையுங்கள். வோல்டேஜ் துள்ளலுக்கு, தண்டவாளத்துக்குக் குறுக்கே துள்ளலை விழுங்கும் டிவிஎஸ் டையோடு (எண் 1.5கேஇ36சிஏ) ஒன்று. விலை சொற்பம், கருகும் போர்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

லயோனலின் கேடபிள்யூ 190 வாட், இரண்டு கைப்பிடி. சிறிய மேஜை லேஅவுட்டுக்கு இதுவே போதும், பழைய சந்தையில் இசட்டபிள்யூவைவிட மலிவு. குறை என்னவென்றால் கைப்பிடி 6 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும். கேன் மோட்டார் என்ற சிறிய டிசி மோட்டார் வைத்த புது எஞ்சின் அதிலேயே எகிறிக் கிளம்பும். பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் கூட்டல், கழித்தல் முனைகளை ஒன்றாக இணைத்து, ஏசி முனைகளை வயரில் தொடராகச் சேர்த்தால் 1.4 வோல்ட் குறையும். இரண்டு போட்டால் 2.8.

ஒரே ஒரு சின்ன ரயிலுக்கு லயோனலின் 90 வாட் 1033 தாராளம்.

எம்டிஎச் நிறுவனத்தின் இசட்-4000, வீட்டு மின்சாரம் போல வழவழப்பான சைன் அலை தருவது. கைப்பிடி 0 முதல் 22 வோல்ட் வரை. வோல்ட்டும் ஆம்ப்பும் முகப்பிலேயே தெரியும். நல்ல விலைதான், ஆனால் ஒலி போர்டு வைத்த எஞ்சின்கள் பல இருந்தால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். லயோனலின் சிடபிள்யூ-80 போன்றவை அலையை வெட்டித் தருபவை. ரயில் ஓடும், ஆனால் சாதாரண மல்டிமீட்டர் பொய் சொல்லும். அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் தேவை.

இரண்டு டிரான்ஸ்ஃபார்மரை ஒரே லேஅவுட்டில் சேர்ப்பதற்குமுன் இரண்டின் பொது முனையையும் இணைத்து, கைப்பிடிகளை 15 வோல்ட்டில் வைத்து, இரண்டு வெளியீட்டுக்கும் நடுவே வோல்ட்டை அளந்து பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. 30 வந்தால் ஒரு பிளக்கைத் திருப்பிச் செருகவேண்டும்.

இவை எல்லாம் அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. நம்மூர் 50 ஹெர்ட்ஸில் 110 வோல்ட் ஸ்டெப்டவுன் வைத்தால் இரும்புக் கருவில் காந்தப்பாய்வு 10 சதவீதம் கூடி, சும்மா இருக்கும்போதே சூடேறும். பழைய சுருள் பெட்டிகளுக்கு 100 வோல்ட் ஸ்டெப்டவுன் பொருத்தம். அப்போது 20 வோல்ட் உச்சம் 16.7 ஆக இறங்கும். பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது போதும்.