டாம்சுலோசின் 0.4: சாப்பிட்ட பிறகு போட்டால்தான் நல்ல மருந்து

ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் முக்கி முக்கிப் போகிறது, இராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று போனால், டாக்டர் வழக்கமாக முதலில் எழுதித் தருவது டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் கேப்ஸ்யூல். நாள் ஒன்றுக்கு ஒன்று. சுரப்பியை இது சுருக்காது. சுரப்பியிலும் மூத்திரப்பை வாயிலும் உள்ள தசையைத் தளர்த்தி வழி விடும். அதனால்தான் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே ஓட்டம் சீராகிவிடுகிறது. இந்த வேகத்துக்காகவே இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

குறை எங்கே வருகிறது என்றால், போடும் நேரத்தில். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கழித்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு 40 முதல் 70 விழுக்காடு வரை கூடிவிடும். எழுந்து நின்றதும் கண் இருட்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தைப்பூசக் காவடி வருவது நல்ல கோடையில். விரதமும் வெயிலும் நடையும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். காவடி எடுப்பவர் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி, நாளுக்கு ஒரே ஒரு வேளை உண்பவரானால் மாத்திரையை அந்த வேளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மணிகள் மருந்தை மெல்ல மெல்ல விடுவதற்காகச் செய்தவை. விழுங்க முடியவில்லை என்று பிரித்துச் சோற்றில் கலப்பதும், கடிப்பதும் கூடவே கூடாது. இராத்திரி எழும்போது கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

சிலருக்கு உறவின்போது விந்து வெளியே வராது. ஆபத்தில்லை, மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் முன்கூட்டியே யாராவது சொன்னால் மனுஷன் பயப்பட மாட்டான். கண்புரை ஆப்பரேஷன் இருந்தால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தை எப்போதோ விட்டிருந்தாலும் சொல்லுங்கள். ஆப்பரேஷன் நடுவே கருவிழித்திரை தளர்ந்து கண்மணி சுருங்கிவிடலாம்.

மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி வீட்டுப் பழக்கத்தில் இருக்கிறது. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர், டீ, பியர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பகலில் குறைக்காதீர்கள், கெட்டியான மூத்திரம் பையை இன்னும் எரிச்சலூட்டும். சாயங்கால டீயை விட மனமில்லாதவர்களுக்கு நம் ஊர் மூலிகை டீயான ரூய்போஸ் இருக்கிறது, அதில் கஃபீன் கிடையாது. மூத்திரம் போன பிறகு அரை நிமிஷம் நின்று மறுபடி முயன்றால் தங்கியதும் இறங்கும். மலச்சிக்கல் சேரவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்துக் கடை அலமாரியில் விற்கும் சா பால்மெட்டோ என்ற பனை வகைப் பழச்சத்து மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 320-லிருந்து 960 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தும் மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேலாக இல்லை. சுரப்பி பெரிதாக இருந்தால் டாக்டர் அதைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு 5 மில்லிகிராம் சேர்ப்பார். பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். அது பி.எஸ்.ஏ. அளவை, அதாவது புராஸ்டேட் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் அளவைப் பாதியாக்கிக் காட்டும், ஆகவே ரத்தப் பரிசோதனையின்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சளிக்கு சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மாத்திரை வாங்கிப் போட்டால் திடீரென்று மூத்திரம் அடைத்துக்கொள்ளலாம். வயிறு உப்பி, வலித்து, ஒரு சொட்டும் வரவில்லையென்றால் விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் டியூப் போட்டுக்கொள்ளுங்கள்.