லீனா ஓடுற பைக்குக்கு ஸ்குறூவா, றப்பரா, ஜெட்டா, புதுக் காபரேட்டரா?

காபரேட்டர் பைக் லீனா ஓடுது, அதாவது காத்து கூடி பெற்றோல் காணாம எரியுது எண்டு போனா கராஜுக்கு கராஜ் ஒவ்வொரு கதை சொல்லுவாங்க. ஒராள் மிக்சர் ஸ்குறூவ (காத்து பெற்றோல் கலவையத் திருத்துற ஸ்குறூ) இன்னும் ஒரு சுத்து விடு சரிவரும் எண்டுவார், இன்னொராள் மெயின் ஜெட்ட (பெற்றோல் போற ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு) பெரிசாப் போடு எண்டுவார், கல்முனைப் பக்கம் சாமான் கடையில கேட்டா புதுக் காபரேட்டர் பெட்டியவே எடுத்து மேசையில வைப்பாங்க. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா என்ர முடிவு இதுதான்: கம்பனி குடுத்த மாதிரியே நல்லா ஓடிட்டிருந்த பைக் இப்ப லீனாகி இருந்தா அதுக்கு ஜெட் பெரிசாக்கத் தேவையில்ல, எங்கயோ காத்து இழுக்குது இல்லாட்டி எங்கயோ அடைச்சிருக்கு. சைலன்சரையோ எயார் பில்டரையோ மாத்தின பைக்குக்குத்தான் ஜெட் வேல.

இது நம்மட மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு இப்ப முக்கியம் ஏனெண்டா 2020ல வாகன இறக்குமதி நிண்டது, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் தொடங்கினது, அந்த அஞ்சு வருசமும் இருந்த பைக்குகளையே தட்டித் தட்டி ஓடினம், இப்ப ரோட்டுல நிக்கிற காபரேட்டர் பைக்குகள்ல கனக்க வயசு போனதுகள். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் கோட்டுக்கு கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தொடங்கின நேரம் எத்தின பைக் வீட்டுல சும்மா நிண்டது, காபரேட்டருக்குள்ள நிண்ட பெற்றோல் காஞ்சு பசை மாதிரிப் படிஞ்சு போச்சு. அதோட கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு ஊரெல்லாம் கடலோட ஒட்டித்தானே இருக்கு, உப்புக் காத்துல அலுமினியம் வெள்ளையாப் பூக்கும், பித்தளை ஜெட் பச்சை பிடிக்கும்.

முதல் லீன்தானா எண்டு வடிவாப் பாக்கணும். எஞ்சின் சூடாகின மறுகாவும் சொக்க (பெற்றோல் பங்கக் கூட்டுற லீவர்) கொஞ்சம் இழுத்து வச்சாத்தான் ஒழுங்கா ஓடும், எக்சலேட்டர விட்டா ஐடில் (எக்சலேட்டர் குடுக்காம எஞ்சின் ஓடுற வேகம்) உடன இறங்காம மேல நிண்டு மெல்ல மெல்ல இறங்கும், கியர்ல வந்து கைய விட்டா சைலன்சருக்குள்ள பட் பட் எண்டு வெடிக்கும், பிளக்கக் கழட்டினா வெளிறி வெள்ளையா இருக்கும். நல்லா எரியிற பிளக் பால் தேத்தண்ணி நிறத்துல இருக்கணும், கறுத்து கரி பிடிச்சிருந்தா அது மற்றப் பக்கம், பெற்றோல் கூட. ஆனா வெடிக்கிற சத்தத்த மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க. சைலன்சர் எஞ்சினோட சேருற இடத்துல கேஸ்கட் போயிருந்தாலும் அதே சத்தம் வரும், அதுக்கு காபரேட்டர்ல கை வைக்கவே தேவையில்ல.

மறுகா எந்த இடத்துல லீன் எண்டு பாக்கணும், வழிகளுக்குள்ள பெரிய வித்தியாசமே இதுலதான் இருக்கு. ஐடில்ல இருந்து எக்சலேட்டர் கால்வாசி திறக்கும் வரைக்கும் பைலட் ஜெட்டும் (ஐடிலுக்கு உள்ள சின்ன ஜெட்) மிக்சர் ஸ்குறூவும்தான் கூட வேல செய்யும், கால்வாசியில இருந்து முக்கால் வரைக்கும் காபரேட்டருக்குள்ள ஏறி இறங்குற ஸ்லைட்டுல தொங்குற ஊசி, அதுக்கு மேல மெயின் ஜெட். ஒண்டோட ஒண்டு கொஞ்சம் கலக்கும், எண்டாலும் கணக்கு இதுதான். ஹாண்டில்ல ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் எண்டு கோடு போட்டுட்டு ஓடிப் பாருங்க, எந்தக் கோட்டுல இழுக்காம திக்குது, அந்த நேரம் சொக்க கொஞ்சம் இழுத்தா சரிவருதா எண்டு. ஐடில்ல மட்டும் பிரச்சினை உள்ள பைக்குக்கு மெயின் ஜெட் மாத்தினா காசு போகும், பெற்றோலும் போகும், பிரச்சினை அப்படியே நிக்கும்.

ஸ்குறூதான் எல்லாரும் முதல் கை வைக்கிற இடம், காசில்லாத வேல. பிழையுமில்ல, ஆனா ஸ்குறூ எந்தப் பக்கம் இருக்கெண்டு பாக்காம திருப்பினா நேர்மாறா நடக்கும். எஞ்சின் பக்கம் இருந்தா அது பெற்றோல் ஸ்குறூ, வெளிய விட விட பெற்றோல் கூடும். எயார் பில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்குறூ, வெளிய விட விட இன்னும் லீனாகும், உள்ள இறுக்கினாத்தான் பெற்றோல் கூடும். முதல் மெதுவா உள்ள முட்டுமட்டும் இறுக்கி எத்தின சுத்து எண்டு எண்ணிக் குறிச்சு வச்சிட்டு அதேயளவு திரும்ப வெளிய விடுங்க, பலமா இறுக்கினா ஊசி முனை போய் காபரேட்டரே பழுதாகிடும். எஞ்சின் நல்லா சூடாகின மறுகா மெல்ல மெல்லத் திருப்பி ஐடில் ஆக உசர நிக்கிற இடத்தப் பிடிச்சு, மறுகா ஐடில் ஸ்குறூவால வேகத்த இறக்கணும். அந்த இடம் ஒண்டரையில இருந்து ரெண்டரைச் சுத்துக்குள்ள கிடைச்சா நல்லம். பெற்றோல் ஸ்குறூவ மூண்டு, நாலு சுத்து விட்டும் இன்னும் விடு எண்டு கேட்டா பைலட் ஜெட்டுக்குள்ள பாதை அடைச்சிருக்கு. திருப்பத் திருப்ப ஒரு மாற்றமும் இல்லையெண்டா ஸ்குறூவால ஆகாது, எங்கயோ களவாக் காத்து போகுது எண்டு சந்தேகப்படணும்.

அந்தக் களவுக் காத்து கனக்கத் தரம் வாறது காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்கிற றப்பராலதான், என்னக் கேட்டா நம்மட ஊர்ல லீன் பைக்குக்கு முதல் பாக்க வேண்டிய சாமான் இதுதான். வெளியால பாக்க நல்லா இருக்கும், கறுப்பா மினுங்கும். கழட்டி எடுத்து ரெண்டு பெருவிரலாலயும் மடிச்சுப் பிடிச்சா வளைவுல மயிரளவுக் கோடு ஒண்டு தெரியும், இன்னும் கொஞ்சம் மடிச்சா அந்தக் கோடு வாய் பிளக்கும், உள்ளுக்க றப்பர் சாம்பல் நிறத்துல காஞ்சு போய் இருக்கும். எஞ்சின் குளிரா நிக்கக்குள்ள அந்த வெடிப்பு மூடி இருக்கும், சூடாகினாத் திறக்கும், காலையில நல்லா இருந்த பைக் மத்தியானம் ஐடில்ல கூத்தாடுறது இதாலதான். கழட்டாம பாக்கிறதெண்டா பைக் ஐடில்ல ஓடக்குள்ள றப்பர் சுத்தி ஸ்பிறே போத்தலால தண்ணி கொஞ்சமா அடிங்க, சத்தம் மாறினா அல்லது கொஞ்ச நேரத்துக்கு ஐடில் நேராகினா அந்த இடந்தான். சிலபேர் காபரேட்டர் கிளீனர அடிச்சுப் பாப்பாங்க, அது சூடான சைலன்சர்ல பட்டா தீப்பிடிக்கும், எனக்கு அது விருப்பமில்ல. றப்பர மாத்தக்குள்ள அங்க இருக்கிற ஓரிங்கையும் (காத்து அடைக்கிற றப்பர் வளையம்) சேத்து மாத்துங்க, ஒட்டுறதுக்கு சிலிக்கன் பூசுறது நிக்காது, பெற்றோல் பட்டா இளகிடும்.

அடுத்தது கழுவல். பைலட் ஜெட்ட கழட்டி வெயில்ல உயர்த்திப் பிடிச்சுப் பாருங்க, அரை மில்லிமீற்றரும் வராத ஓட்டை அது, நடுவுல ஊசி முனையளவு வட்ட வெளிச்சம் தெரியணும், வட்டம் ஓரத்துல நெளிஞ்சு தெரிஞ்சாலே பசை பிடிச்சிருக்கு. இதுக்குள்ள பிறேக் கேபிள் கம்பிய விட்டுக் குத்துறத நான் கனக்க இடத்துல பாத்திருக்கன், தயவு செஞ்சு செய்ய விடாதீங்க, பித்தளை மெது, கம்பி கீறினா ஓட்டை பெருத்திடும், மறுகா அந்த ஜெட் நம்பருக்கு அர்த்தமே இல்ல. கிளீனர்ல ஊறப்போட்டு கொம்பிரசர் காத்து அடிச்சாக் காணும், அப்படியும் போகாட்டி மெல்லிய தங்கூசி (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) ஒரு துண்டு விடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு வயசான மெக்கானிக் பொடியன்மாருக்குச் சொல்றது: "மனே, ஜெட்டக் கழுவு, ஜெட்டோட சண்ட பிடிக்காத." ஸ்குறூவோட ஒப்பிட்டா கழுவலுக்கு அரைநாள் போகும், ஆனா அடைச்ச ஜெட்டுக்கு ஸ்குறூவத் திறந்து ஈடு செய்றது ஐடில்ல மட்டுந்தான் காப்பாத்தும், கொஞ்சம் ரேஸ் குடுத்தா திரும்பவும் திக்கும்.

கழுவ முதல் சும்மா ஒரு நிமிசத்துல பாக்கக்கூடியது டாங்கி மூடி. செங்கலடியில இருந்து பதுளை ரோட்டால கரடியனாறு தாண்டும் வரைக்கும் நல்லா ஓடி மறுகா இழுக்காம நிண்டு, கொஞ்ச நேரம் நிப்பாட்டி எடுத்தா திரும்ப ஓடுதெண்டா மூடியத் திறந்து பாருங்க. திறந்த உடன சரிவந்தா மூடியில காத்து போற ஓட்டை அடைபட்டிருக்கு, பெற்றோல் இறங்கல்ல, அதால லீன்.

இனி பைக்கில மாத்தம் செஞ்சவங்க. சத்தத்துக்கு ப்ரீ சைலன்சர் போட்டு, எயார் பில்டர் பெட்டியக் கழட்டி கோன் பில்டர் போட்டா உள்ள போற காத்து கூடும், அதுக்கேத்த பெற்றோல் கூட்டத்தான் வேணும். இங்க ஊசியும் மெயின் ஜெட்டும் போட்டி. ஊசியில கிளிப் போடுற வெட்டுக்கள் இருந்தா கிளிப்ப ஒரு வெட்டு கீழ இறக்கினா ஊசி மேல வரும், நடு எக்சலேட்டர்ல பெற்றோல் கூடும். டயப்பிரம் காபரேட்டர்கள்ல (ஸ்லைட றப்பர் டயப்பிரம் தூக்கிற வகை) கிளிப் வெட்டு இல்லாத ஊசிகள் கனக்க வரும், அதுக்கு கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர் வொஷர் ஒண்டு ஊசித் தலைக்குக் கீழ வைப்பாங்க, சல்லிக் காசு வேல. நம்மட ஓட்டம் பெரும்பாலும் டவுனுக்குள்ள, நடு எக்சலேட்டர்லதான், அதால நான் ஊசியத்தான் முதல் சொல்லுவன். மெயின் ஜெட் புல் எக்சலேட்டருக்கு, புல்லா முறுக்கி நீளத்துக்கு ஓடுறவங்களுக்கு அது கட்டாயம், ஏனெண்டா அந்த இடத்துல லீனா ஓடினாத்தான் எஞ்சின் அளவு மிஞ்சிச் சூடாகி பிஸ்டன் வரைக்கும் அடிவாங்கும். ஒரேயடியாப் பெரிசு போடாம ஒரு சைஸ் கூட்டிப் பாருங்க. காபரேட்டர் செய்ற மிகுனி கம்பனிட ஜெட் நம்பரும் கெய்ஹின் கம்பனிட நம்பரும் ஒரே கணக்கில்ல, ஒண்டுக்கு மற்றதுட நம்பர வச்சு வாங்கினா பிழைக்கும். பிளக் நிறம் பாக்கிறதெண்டா அந்த வேகத்துலயே கிளட்ச்சப் பிடிச்சு எஞ்சின நிப்பாட்டி, ஓரங்கட்டிக் கழட்டிப் பாக்கணும், வீடு வரைக்கும் ஐடில்ல வந்து பாத்தா தெரியிறது ஐடில் நிறம்.

92க்குப் பதிலா 95 அடிச்சா லீன் போகும் எண்டு ஒரு கதை இருக்கு. போகாது. ஒக்டேன் எண்டது தட்டாம எரியிறதுக்கான அளவு, காத்து பெற்றோல் கணக்க அது மாத்தாது. முழுசா எரிய ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில 14.7 பங்கு காத்து எண்ட கணக்கு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.

புதுக் காபரேட்டர் கடைசியா வாறதுக்குக் காரணம் விலை மட்டுமில்ல. கொப்பிக் காபரேட்டர் வாங்கினா அதுக்குள்ள இருக்கிற ஜெட் உங்கட எஞ்சினுக்குப் பாத்துப் போட்டதில்ல, மாட்டின மறுகா இதே ஸ்குறூ, ஊசி, ஜெட் வேல எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும், வெடிச்ச றப்பர்ல புதுசக் கொண்டு போய் மாட்டினாலும் லீன்தான். பழசுட ஸ்லைட பிடிச்சு ஆட்டிப் பாருங்க, சுவரோட தேஞ்சு தாராளமா ஆடினா, அல்லது றப்பர் இருக்கிற முகம் வளைஞ்சு புது ஓரிங் போட்டும் காத்து அடைபடாட்டி, அப்ப மாத்துங்க, அதையும் ஏலுமெண்டா உங்கட பைக் மொடலுக்கே வந்த ஒரிஜினலா வாங்குங்க. ஸ்லைட் இறுக்கமா இருக்கிற பழைய ஒரிஜினலுக்கு றப்பர், ஓரிங், புளோட் வால்வ், கேஸ்கட் மாத்திக் கழுவி எடுத்தா அது கொப்பிப் புதுச விட நல்லா ஓடும்.