ஆய்வேடு: படித்து முடித்துவிட்டு எழுதுவதா, எழுதிக்கொண்டே படிப்பதா?

பெங்களூரில் மத்திகெரே, யஷ்வந்த்பூர் பக்கம் அறை எடுத்துத் தங்கி பிஎச்.டி. செய்யும் நம் பிள்ளைகளிடம் "எழுத்து எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இன்னும் படிச்சே முடிக்கலண்ணா." முழுவதும் படித்து, தரவு எல்லாம் சேர்த்துவிட்டுக் கடைசி ஆண்டில் உட்கார்ந்து எழுதுவது ஒரு வழி. சேர்ந்த சில மாதங்களிலேயே எழுதத் தொடங்கி, படிக்கப் படிக்கத் திருத்திக்கொண்டே போவது இன்னொரு வழி. வரலாறு, சமூகவியல், இலக்கியம் என்று எடுத்தவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முதல் வழியிலும் நியாயம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர் சோதனை முடிவு தெரியாமல் வாதத்தை எழுதிப் பயனில்லை. அவர்கூட, எந்தக் கருவி, என்ன அளவு, எப்படிச் செய்தோம் என்பதை அன்றன்றே எழுதி வைத்தால்தான் பிழைப்பார். எல்லாவற்றையும் படித்த பிறகு எழுதினால் அத்தியாயங்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கும் என்பதும் உண்மை.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு; மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கலாம். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையோ, அதற்கு அடுத்த எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) காலத்தையும் சேர்த்து 5 ஆண்டோடு நின்றுவிடும். எழுத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறவர், கையில் பணம் வராத ஆண்டில்தான் எழுத உட்காருகிறார். பெங்களூர் வாடகையைக் கட்டிக்கொண்டு, பகுதிநேர வகுப்பும் எடுத்துக்கொண்டு அத்தியாயம் எழுதுவது எவ்வளவு கொடுமை என்பது அதில் மாட்டியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: எழுதும்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. கோலார் தங்கவயல் தமிழ்த் தொழிலாளர்களைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். "தங்கவயல் தமிழர் வாழ்க்கை" என்பது வெறும் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எல்லாக் கோப்பும் வேண்டியதாகவே தெரியும். நான்கு பக்கம் எழுதிப் பார்த்தால், மூன்றாம் பக்கத்திலேயே இடிக்கும். "1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு சுரங்கத்தில் வேலை நேரமும் கூலியும் எப்படி மாறின?" என்று கேள்வி சுருங்கும். அதன்பின் எந்த ஆண்டின் கூலிப் பதிவைத் தேட வேண்டும், எதைத் தொடாமலே விடலாம் என்பது தானாகத் தெளியும். 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் வேலையிழந்தவர்களின் கதை எவ்வளவு கனமானதாக இருந்தாலும், அது வேறொரு ஆய்வுக்கான பொருள் என்று ஒதுக்கும் துணிவும் வரும்.

இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. படிக்கும்போதே எழுதுகிறவர், பிறர் வரியை அப்படியே தட்டச்சு செய்து வைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அதைத் தன் வரி என்றே நம்பிவிடுவார். யுஜிசியின் 2018 விதியில், பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தித் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆகவே எடுத்த வரிக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அதே நிமிடத்தில் போட்டுவிடுங்கள். மேற்கோள் நூல்களைத் தொகுத்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம், முதல் வாரத்திலேயே அதில் நூல்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.

வேர்டா, லேடெக்கா (கட்டளைகள் எழுதி ஆவணத்தை வடிவமைக்கும் மென்பொருள்) என்ற சண்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். சமன்பாடு நிறைய இருந்தால் லேடெக். தமிழ் மேற்கோள் நிறைய இருந்து, கைடு (ஆய்வு வழிகாட்டி) ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துகிறவர் என்றால் வேர்டு. தமிழை லேடெக்கில்தான் எழுதுவேன் என்றால், யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் அதன் வடிவமான ஸீலேடெக் பயன்படுத்துங்கள்.

எழுதும் வரிசையிலும் இரண்டு கட்சி உண்டு. முன்னுரையில் தொடங்குகிறவர்கள் அதையே ஐந்து முறை எழுதுகிறார்கள். தரவு அதிகம் கைவசம் உள்ள நடு அத்தியாயத்தில் தொடங்குவதே மேல். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். கைடிடம் முழு அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொட்டாமல், மாதம் ஒருமுறை சில பக்கங்கள் மட்டும் கொடுங்கள். வேலை மிகுந்த பேராசிரியரும் அதை அந்த வாரமே படித்துத் தருவார். அறுபது பக்கத்தைக் கொடுத்தால், அது அவர் மேசையில் அடுத்த செமஸ்டர் வரை கிடக்கும்.