எம்ஜிபிக்கு சொந்தமா ஈசியூ: ஸ்பீடுயீனோ, மெகாஸ்குவேர்ட், ரஸ்ஈஎஃப்ஐ, கொழும்புக்கு எது சரி?

முடிவை முதல்லயே சொல்லிடுறன், சண்டையைப் பிறகு பிடிப்பம். கொழும்புல எம்ஜிபி எண்ட பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டை வெச்சுக்கொண்டு சொந்தமா ஈசியூ, அதாவது எஞ்சினை ஓட்டுற கொம்பியூட்டர் பெட்டி, கட்டப் போறீங்க எண்டா முதல்ல ஸ்பார்க்கை மட்டும் கொம்பியூட்டர்ட கையில குடுங்க, பெற்றோல் விசயத்தை அந்த ரெண்டு எஸ்யூ காபரேட்டருமே பாத்துக்கொள்ளட்டும். எந்த போர்ட் எண்டா ஸ்பீடுயீனோ. "இஞ்செக்‌ஷன் இல்லாம என்ன ஈசியூ" எண்டு கேக்கிற, அதாவது பெற்றோலையும் கொம்பியூட்டரே இஞ்செக்டரால தெளிக்கோணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் மிச்சம் முழுக்க எழுதுறன்.

எல்லாரும் சிப்பை வெச்சுத்தான் சண்டை பிடிக்கிறாங்க, எட்டு பிட்டா முப்பத்திரண்டு பிட்டா, எத்தனை மெகாஹேர்ட்ஸ் எண்டு. எம்ஜிபில பிரச்சினை சிப் இல்ல, சிலிண்டர் ஹெட். 1962ல இருந்து 1980 வரைக்கும் வந்த அந்த 1798 சிசி பி சீரிஸ் எஞ்சின்ல நாலு சிலிண்டருக்கும் சேத்து இன்லெட் வாசல் ரெண்டுதான், ஒண்டும் ரெண்டும் ஒரு வாசல், மூண்டும் நாலும் மற்ற வாசல், சயாமீஸ் எண்டு சொல்லுறது இதைத்தான். சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, ஃபயரிங் ஓடர், 1-3-4-2. இதை கொஞ்சம் ஆறுதலா யோசிச்சுப் பாருங்க. க்ராங்க் ரெண்டு சுத்து, 720 டிகிரி, சுத்தினாத்தான் ஒரு முழு சைக்கிள். முதல் வாசல்ல ரெண்டாம் சிலிண்டர் இழுக்கும், 180 டிகிரி கழிச்சு உடனயே ஒண்டாம் சிலிண்டர் இழுக்கும், அதுக்குப் பிறகு 540 டிகிரிக்கு யாரும் இழுக்கிறதில்ல. மற்ற வாசல்லயும் இதே கதை, மூண்டு முதல்ல, நாலு பின்னால. இப்ப நீங்க வாசலுக்கு ஒரு இஞ்செக்டர் வெச்சு சாதாரணமா தெளிச்சா அந்த 540 டிகிரி இடைவெளில சேர்ந்த பெற்றோலை எல்லாம் உள்பக்க சிலிண்டர் ரெண்டும் குடிச்சிடும், வெளிப்பக்கத்து ரெண்டுக்கும் காத்துத்தான் மிச்சம். உள்ளுக்க ரிச் (பெற்றோல் கூட), வெளில லீன் (பெற்றோல் குறைவு). எக்ஸோஸ்ட்ல கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சர் நாலையும் கலந்து சராசரியைக் காட்டும், அதால ஸ்கிரீன்ல எல்லாம் வடிவாத்தான் தெரியும், உள்ளுக்க ஒண்டாம் பிஸ்டனும் நாலாம் பிஸ்டனும் வெந்துகொண்டிருக்கும்.

இதுக்கு வழி இல்லாம இல்ல. அளந்து சரியான நேரத்துல தெளிக்கலாம், மெகாஸ்குவேர்ட் பக்கம் இந்த மாதிரி ஹெட்டுக்கெண்டே தனி கோட் கூட இருக்கு, 1996க்குப் பிறகு வந்த ரோவர் மினில கம்பனியே ரெண்டு இஞ்செக்டரை வெச்சு இப்பிடி ஓட்டினது. ஆனா நேரக் கணக்கைப் பாருங்க, 6000 ஆர்பிஎம்ல ஒரு முழு சைக்கிள் 20 மில்லிசெக்கன், அதுல 180 டிகிரி எண்டா வெறும் 5 மில்லிசெக்கன். அந்த இடைவெளிக்குள்ள ஒரு சிலிண்டரிண்ட பங்கை முடிக்கோணும் எண்டா பெரிய இஞ்செக்டர் வேணும், பெரிய இஞ்செக்டர் போட்டா ஐடில்ல கட்டுப்படாது. கேம் ஷாஃப்ட் எங்க நிக்குது எண்டு சொல்லுற கேம் சென்சரும் வேணும், அது இல்லாட்டி எந்த சிலிண்டர் முதல்ல இழுக்குது எண்டு ஈசியூவுக்கே தெரியாது. மற்ற வழி, த்ரொட்டில் பொடிக்குள்ள மேலயே தெளிச்சு மெனிஃபோல்ட் முழுக்க ஈரமா ஓட விடுறது. அது காபரேட்டர் செய்யிற வேலையேதான், கொஞ்சம் புத்தியோட.

சரி இனி போர்டுகள்.

மெகாஸ்குவேர்ட்தான் மூத்தவர், புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் 2001 வாக்குல தொடங்கினது. சந்தேகம் ஒண்டு வந்தா தேடிப் பாருங்க, இருபது வருசத்துக்கு முந்தியே யாரோ அதே கேள்வியைக் கேட்டு விடையும் எடுத்திருப்பார், அந்த அளவுக்கு எழுதிக் குவிச்சிருக்காங்க. அதுல சின்னது மைக்ரோஸ்குவேர்ட், மூடின பெட்டி, ரெண்டு இஞ்செக்டர் லைன், ரெண்டு ஸ்பார்க் லைன், எம்ஜிபிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி. மெனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சர் மட்டும் வெளில தனியா வைக்கோணும். குறை ரெண்டு. அந்த கோட் அவங்கட ஹார்ட்வேர்லதான் ஓடலாம் எண்டது விதி, அதால நீங்களே பிசிபி (சர்க்கிட் போர்ட்) கீறி அதுல ஏத்துற கதை இல்ல. மற்றது, பழுதாப்போனா முழுப் பெட்டியும் திரும்பவும் வெளிநாட்டில இருந்துதான் வரோணும், பார்சலும் கஸ்டம்ஸும் முடியிற வரைக்கும் கார் கராஜ்லதான்.

ஸ்பீடுயீனோ அவுஸ்திரேலியாக்காரர் ஜோஷ் ஸ்டுவார்ட் தொடங்கினது, முழுக்க ஓப்பன் சோர்ஸ், மூளை எண்டு பாத்தா ஆர்டுயினோ மெகா 2560, 16 மெகாஹேர்ட்ஸ், 8 கிலோபைட் ரேம். சிரிக்காதீங்க. க்ராங்க்ல பூட்டுற 36-1 பல்லுச் சில்லு (36 பல்லு இடம், ஒண்டு இல்ல) ஒண்டை 6000 ஆர்பிஎம்ல சுத்தினா ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில கிட்டத்தட்ட 278 மைக்ரோசெக்கன் இருக்கு, அதுக்குள்ள அந்த எட்டு பிட் சிப் நாலாயிரத்துக்கு மேல கடிகாரத் துடிப்பு ஓடி முடிச்சிடும். நாலு சிலிண்டருக்கு தாராளம், அதுவும் எம்ஜிபியை யார் 6000க்கு மேல ஏத்தப் போறது? ஆனா எனக்கு இதுல பிடிச்சது வேகம் இல்ல. மெகா போர்ட் கொழும்புலயே எலெக்ட்ரோனிக்ஸ் கடைகள்ல கிடைக்கும், செத்தா பின்னேரத்துக்குள்ள வேற ஒண்டை வாங்கி கோடையும் டியூனையும் ஏத்திக் குத்தலாம். கம்பஸ்ல படிக்கிற எந்தப் பெடியனுக்கும் அது என்ன எண்டு விளங்கும். வெளில இருக்கிற சாமான் எல்லாம் கால் வெச்ச பெரிய சாமான்தான், சோல்டரிங் அயன் பிடிக்கத் தெரிஞ்சாக் காணும்.

குறையும் இருக்கு. மெகா போர்ட் பின்ல குத்தினபடி நிக்கிறது, எம்ஜிபிட குலுக்கலுக்கு அது மெல்ல மெல்லத் தளரும், அதால சின்ன ஸ்க்ரூவோ கேபிள் டையோ போட்டு இறுக்கித்தான் வைக்கோணும். அந்தப் பல்லை எண்ணுற க்ராங்க் சென்சர் விஆர் ஜாதி (காந்தமும் சுருளும்) எண்டா தனியா ஒரு கண்டிஷனர் சின்ன போர்ட் வேணும், ஹோல் சென்சர் போட்டா அந்தத் தொல்லை இல்ல. இஞ்செக்டர் ஹை இம்பீடன்ஸா (தடை கூடின ஜாதி) இருக்கோணும். ஸ்பார்க் பக்கம் அது குடுக்கிறது 5 வோல்ட் சிக்னல் மட்டும், கொயிலை நேரா அடிக்க ஏலாது, கரண்டை வெட்டி விடுற இக்னைட்டர் உள்ளுக்கயே இருக்கிற கொயில் வேணும்.

இங்கதான் நம்மட ஊர் கை குடுக்குது. டொயோட்டா 1என்இசட் எஞ்சின்ட நாலு பின் கொயிலுக்குள்ள இக்னைட்டர் இருக்கு, விட்ஸும் ஆக்சியோவும் ஓடுற ஊர்ல ஸ்பெயார்ஸ் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தைல அதுக்கா பஞ்சம். பி சீரிஸ்ல பிளக் பக்கவாட்டுல நிக்கிறதால நேரா மேல குத்தி விட ஏலாது, ஒரு ப்ரெக்கெட் வெட்டி கொயிலை அதுல பூட்டி கட்டை வயர் இழுக்கோணும். கேம் சென்சர் இல்லாமலே 1-4, 2-3 எண்டு சோடி சோடியா அடிக்கலாம், ஒரு ஸ்பார்க் வீணாப் போகும், போகட்டும்.

ரஸ்ஈஎஃப்ஐ தான் மூண்டுலயும் கெட்டிக்காரன், அதுல எனக்கு மறுப்பே இல்ல. எஸ்டிஎம்32 சிப், 168 மெகாஹேர்ட்ஸ், தசம கணக்கை சிப்பே போடும், எலெக்ட்ரோனிக் த்ரொட்டில், கேன் பஸ் (மற்ற பெட்டிகளோட பேசுற வயர்), சில போர்டுல வைட்பேண்ட் கன்ட்ரோலர் கூட உள்ளுக்கயே. புது எஞ்சின் ஒண்டைப் பழைய பொடிக்குள்ள இறக்கிற ஆளுக்கு நான் இதைத்தான் சொல்லுவன். எம்ஜிபில இதுல பாதி வேலை சும்மா கிடக்கும். போர்ட் எல்லாம் நுண்ணிய சாமான், பழுது வந்தா சூடு காத்து ஸ்டேஷனும் நல்ல கண்ணும் வேணும், ஃபோன் ரிப்பேர் பெடியன் ஒருத்தனை பழக்கம் பிடிச்சு வெச்சிருந்தாச் சரி.

ஹோல்டெக், லிங்க் மாதிரி ரெடிமேட் பெட்டிகள் அருமையான சாமான், காசு இருந்தா வாங்குங்க, ஆனா அது கட்டுறது இல்ல, வாங்குறது. ஜப்பான் காரிண்ட பழைய ஈசியூவைக் கழட்டி பி சீரிஸுக்கு மாட்டுற யோசனையை விடுங்க, அதுக்குள்ள இருக்கிற மேப், அதாவது எப்ப எவ்வளவு எண்ட அட்டவணை, அந்த எஞ்சினுக்கு மட்டும்தான்.

இனி ஏன் ஸ்பார்க் மட்டும் எண்டதுக்கு வாறன். பழைய லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்ல குண்டும் ஸ்பிரிங்கும் தேஞ்சு அட்வான்ஸ் (ஸ்பார்க் எவ்வளவு முந்தி அடிக்குது எண்டது) எங்க நிக்குது எண்டு கடவுளுக்குத்தான் வெளிச்சம், 8.8 கம்ப்ரெஷனுக்கு ஒக்டேன் 92 அடிச்சா ஏத்தத்துல கிணுகிணுக்கும். ஈசியூல அந்த இடத்துல மட்டும் ரெண்டு டிகிரி குறைச்சு விடலாம், 95க்கு வேற மேப் வெச்சுக்கொள்ளலாம். நுவரெலியாவுக்கு ஏறுற ஆக்களுக்கு இன்னொரு லாபம். 1868 மீட்டர்ல காத்தழுத்தம் 81 கிலோபாஸ்கல் அளவுதான், சிலிண்டர் குறைவா நிரம்புது, அதால கூட அட்வான்ஸ் தாங்கும். டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற வெக்யூம் டப்பா வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் பாக்கும், ஃபுல் த்ரொட்டில்ல அதுக்கு ஒண்டும் தெரியாது. மேப் சென்சர் உண்மையான அழுத்தத்தைப் பாக்குது. எஸ்யூ அங்க கொஞ்சம் ரிச்சா ஓடும், அது வேற கதை, ஓடும்.

அதை விட முக்கியம், பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டாம பொயின்ட்ஸோட அப்பிடியே விட்டுடலாம். கண்டி றோட்ல கடுகண்ணாவை ஏத்தத்துல போர்ட் செத்தா பழைய கொயில் வயரையும் பிளக் வயரையும் மாத்திக் குத்தி வீட்ட வந்து சேரலாம். ஃபுல் இஞ்செக்‌ஷன்ல அந்த வசதி இல்ல, டோ ட்ரக்தான்.

1967க்கு முந்தின டைனமோ வண்டி எண்டா அது பொசிட்டிவ் ஏர்த் (பெற்றரிட பிளஸ் பக்கம் பொடில), முதல்ல அதை மாத்தி ஓல்டர்நேட்டரும் போடுங்க, அதுக்குப் பிறகுதான் போர்ட் எண்ட பேச்சே. பெட்டியை எஞ்சின் பக்கம் வைக்காம உள்ளுக்க டேஷுக்குக் கீழ வையுங்க. மெரைன் ட்ரைவ் பக்கம் வீடு எண்டா உப்புக்காத்து கனெக்டரைத்தான் முதல்ல தின்னும், ரப்பர் சீல் வெச்ச கனெக்டர் வாங்குற காசுல மிச்சம் பிடிக்கவே வேண்டாம்.

இவ்வளவும் வாசிச்சிட்டும் இஞ்செக்‌ஷன்தான் எண்டு நிக்கிற ஆக்கள் இருப்பீங்க, காலி றோட் ட்ராஃபிக்ல எக்ஸோஸ்டுக்கு மேல இருக்கிற எஸ்யூல பெற்றோல் கொதிச்சு நிண்ட அனுபவம் உள்ள ஆக்களை நான் குறை சொல்ல மாட்டன். உங்களுக்கு த்ரொட்டில் பொடி வழி, அதே ஸ்பீடுயீனோ. எஸ்யூ பம்ப் குடுக்கிற அழுத்தம் காணாது, 3 பார் வரோணும், அதால பம்ப், ரெகுலேட்டர், டேங்குக்குத் திரும்பிப் போற லைன் எல்லாம் புதுசு. ஹோஸ் இஞ்செக்‌ஷனுக்கெண்டு ரேட் பண்ணினதாத்தான் இருக்கோணும், கடைக்காரர் "இதுவும் அதே சாமான்தான்" எண்டு சாதாரண பெற்றோல் ஹோஸை நீட்டினா திருப்பிக் குடுத்திடுங்க. பம்ப் ரிலேயை இக்னிஷன் சாவிக்கு நேராக் குடுக்காதீங்க, ஈசியூவே அதைப் பிடிக்கோணும், எஞ்சின் நிண்ட உடன பம்பும் நிக்கும்.