பூட்டுக்குள் திறப்பு முறிந்தால் உடனே துளையிட விடாதீர்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முன்கதவுத் திறப்பு (சாவி) பூட்டுக்குள்ளேயே முறிந்த இரவில், 18,500 ரூபாயையும் இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய ஒரு நல்ல பூட்டையும் இழந்தேன். இன்னொரு வீட்டுக்கு இது நேரக்கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாரி மழை சற்று விட்டிருந்த ஒரு மாலையில் அம்மாவும் நானும் மாமாங்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தோம். மழைக்காலத்தில் எங்கள் மரக்கதவு ஊறி நிலையோடு இறுகிவிடும். பூட்டின் நாக்கு நிலையிலுள்ள தகட்டில் உரசிக்கொண்டு நிற்கையில், கதவை இழுத்துப் பிடித்துத் தளர்த்தாமல் திறப்பை மட்டும் பலமாகத் திருப்பியது என் பிழை. பாதி திரும்பியதும் பிடி கையோடு வந்துவிட்டது. பற்களுள்ள துண்டு உள்ளே நின்றுவிட்டது. பின்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது, அம்மாவின் இரவு மருந்தும் உள்ளேதான் இருந்தது. அந்தப் பதற்றத்தில், ஒழுங்கை முகப்பு மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவரை அழைத்தேன். "1,500 ரூபாய்தான் சேர், பத்து நிமிச வேலை" என்றார்.

வந்தவர் திறப்புத் துவாரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பிடியின் முனையில் சுப்பர் குளூவைத் தடவி, உள்ளே நின்ற துண்டோடு ஒட்டி இழுக்கப் பார்த்தார். பசை துண்டைப் பிடிக்காமல் துவாரத்துக்குள் வழிந்து இறுகியது. பிறகு குறட்டு முனையை நுழைத்தார். துண்டு இன்னும் உள்ளே போனது. "மனே, கதவு பழுதாகாமப் பாத்துச் செய்யுங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ட்ரில்லை எடுத்துவிட்டார். பித்தளைத் தூள் வாசற்படியில் பொன்னிறமாகக் கொட்டியது. பூட்டைச் சுற்றியிருந்த மரமும் ஒரு விரற்கிடை அளவுக்குச் சிதைந்தது.

கணக்குக் கேட்டபோது 1,500 ரூபாய் வந்து போவதற்கு மட்டும் என்றார். துளையிட 4,000, அவரே கொண்டுவந்த புதிய பூட்டுக்கு 13,000. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு புத்தகம் கொண்டுவரவில்லை என்றார். பழைய பூட்டையும் தன் பையில் போட்டுக்கொண்டார். என்னை இன்றுவரை உறுத்துவது பணமல்ல: புதிய பூட்டின் பெட்டி எங்கள் கண்முன் பிரிக்கப்படவில்லை. எங்களிடம் தந்தவை இரண்டு திறப்புகள். அந்தப் பெட்டியில் எத்தனை இருந்தன என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

மூன்றே நாளில் அந்தப் பூட்டு ஆடத் தொடங்கியதும், காத்தான்குடியில் நெடுங்காலமாகத் திறப்பு வெட்டும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணரிடம்) போனேன். நான் வைத்திருந்த முறிந்த பிடியைக் கையில் வாங்கி, "பாதி திரும்பின நிலையில முறிஞ்சதா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். பூட்டின் உருளைக்குள் ஸ்பிரிங் தள்ளும் சிறு ஊசிகள் திறப்பின் பற்களில் அமர்ந்திருக்கின்றன. உருளை திரும்பிய நிலையில் அந்த ஊசிகள் மேலெழ இடமிருக்காது. ஆகவே எவ்வளவு இழுத்தாலும் துண்டு வராது. மெல்லிய தட்டை முனையால் உருளையைத் திறப்பு நுழையும் நிலைக்கே திருப்பிவிட்டு, வளைவு வெட்டும் மெல்லிய வாளின் அலகைப் பற்கள் வெளிப்பக்கம் பார்க்கத் துண்டின் ஓரமாக நுழைத்துக் கொளுவி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும் என்று, தன் மேசையிலிருந்த ஒரு பூட்டில் செய்தே காட்டினார். வந்த துண்டையும் பிடியையும் பொருத்தி வைத்துப் புதிய திறப்பும் வெட்டலாமாம். அதனால் இரண்டையும் எறிந்துவிடாதீர்கள். பசை இறங்கிய பூட்டுக்குத்தான் இந்த வழிகள் அடைபட்டுப் போகின்றன. கடற்காற்று அடிக்கும் எங்கள் பகுதியில் பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கத்தையும் அவர் கண்டித்தார். அது தூசியோடு சேர்ந்து களியாகிவிடுமென்றும், பென்சில் கரித்தூளே போதுமென்றும் சொன்னார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு இல்லாததால் என் கையிலுள்ள சான்று, துளையிட்ட கதவின் படங்களும் அந்தத் தொலைபேசி இலக்கமும் மட்டுமே. அந்த இலக்கமும் இப்போது இயங்குவதில்லை. ஆகவே வேலை தொடங்குமுன் மொத்தச் செலவை எழுதி வாங்குங்கள், துளையிடுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழைய பூட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் காத்தான்குடிக்குப் போய்வந்த மறுநாள் அந்த நானா எங்கள் வீட்டுக்கே வந்தார். கதவின் விளிம்பிலிருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றி, திறப்பு நுழையும் சிலிண்டர் பகுதியை மட்டும் 2,800 ரூபாய்க்கு மாற்றினார். பொதியை அம்மாவிடம் கொடுத்தே பிரிக்கச் சொன்னார். உள்ளேயிருந்த மூன்று திறப்புகளையும் அம்மா ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டு, நாங்கள் கேட்காமலே பற்றுச்சீட்டையும் எழுதிக் கொடுத்துப் போனார்.