நிலமெடுப்பு இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார்

அரசு எடுத்த நிலத்துக்கு இழப்பீடு பாக்கி இருக்கும் குடும்பங்கள் கவனத்துக்கு.

எங்கள் நிலம் 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி சாலைக்காக எடுக்கப்பட்டது. அவார்டு (அதிகாரி நிர்ணயித்த இழப்பீட்டு உத்தரவு) தொகை குறைவு என்று அப்பா வழக்குப் போட்டார், சார்பு நீதிமன்றமும் உயர்த்திக் கொடுத்தது. பணம்தான் வரவில்லை. அப்பா காலமான பிறகு ஒருவர் வீடு தேடி வந்தார். எங்கள் சர்வே நம்பர், எல்.ஏ.ஓ.பி. (நிலமெடுப்பு வழக்கு) நம்பர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். “ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கார்மா, 25 சதவீதம் கொடுத்தா போதும்” என்றார்.

அம்மாவிடம் பவர் (பொது அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கினார். அவரே வங்கிக்கு அழைத்துப்போய்ப் புதுக் கணக்குத் திறந்தார். அதில் கொடுத்த செல்போன் எண் அவருடையது! காசோலைப் புத்தகம் முழுக்க அம்மாவின் கையெழுத்து. கோர்ட்டில் கட்டிய பணம் அந்தக் கணக்குக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. “செலவு போக மிச்சம்” என்று கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் விஷயமே புரிந்தது.

அதைவிட மோசம், அவர் அமர்த்திய வக்கீல் “முழுத் தொகையும் பெற்றாகிவிட்டது” என்று கோர்ட்டில் மெமோ போட்டுவிட்டார். வட்டி இன்னும் பாக்கி. நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து உயர்த்திய தொகைக்கு முதல் ஆண்டு 9 சதவீதம், பிறகு 15 சதவீதம். வருடக்கணக்கில் இழுத்த வழக்கில் அசலையே தாண்டிவிடும்.

அந்த ஆள் செய்து தருவதாகச் சொன்ன எதற்கும் யாருடைய தயவும் தேவையில்லை. டிக்ரி தொகை வராவிட்டால் 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனு போடலாம். அப்புறமும் கட்டாவிட்டால் அலுவலக ஜீப்பை ஜப்தி செய்ய அமீனா போய் நிற்பார். செய்தித்தாளில் அடிக்கடி வருவது இதுதான். அவார்டே போடாமல் நிலத்தை எடுத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68-இல் சாலைக்கு எடுத்த நிலத்துக்கு 2020-இல் வித்யா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காலம் கடந்துவிட்டது என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

வழக்கே போடாத பக்கத்து நிலத்துக்காரருக்கும் வழி இருந்தது. ஒரே அறிவிக்கையில் எடுத்த நிலம் என்றால், கோர்ட் உயர்த்திய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் 1894 சட்டத்தின் 28ஏ பிரிவில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் (அதற்குப் பதிலாக வந்த 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் பிரிவு 73). எங்கள் ஊரில் பலருக்கு அந்த 3 மாதம் போயே போச்சு. “பொறுங்க, பார்த்துக்கலாம்” என்று அவர்களை உட்காரவைத்ததும் இதே ஆள்தான்.

வக்கீல் ஜெயித்த பணத்தில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தவறு. இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைக்கும். அம்மாவுக்கு 25 சதவீதம் என்ன, 25 ரூபாய்கூட ஆகியிருக்காது.

பவரை ரத்து செய்து பதிவு செய்துவிட்டோம். மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் இருக்கிறது, மெமோவை எதிர்த்துப் போட்ட மனு நிலுவையில். அந்த ஆள் இப்போது புதுச் சாலைக்குக் கல் நட்டிருக்கும் ஊர்களில் சுற்றுகிறாராம். வந்தால் பவர், வெற்றுக் காசோலை, மூலப் பத்திரம் மூன்றையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் வங்கிக் கணக்கில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள்.