18 மாதமாக வீட்டுக்குள் சைக்கிள்: சீட் உயரம்தான் முதல் பாடம்

ஸ்பின் பைக், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள், வாங்கி 18 மாதம் ஆகிறது. மூன்றாவது வாரமே விட்டுவிடலாம் என்று இருந்தேன். முழங்காலின் முன்பக்கம் அப்படி ஒரு வலி. நம் காலுக்கு இது ஒத்துவராது என்று முடிவே கட்டிவிட்டேன்.

சீட்டைத் தாழ்வாக வைத்திருந்ததுதான் காரணம். தெருவில் ஓட்டும்போது கால் தரையில் எட்ட வேண்டும் என்று சிறு வயதிலிருந்து பழகியது, இங்கேயும் அப்படியே வைத்துவிட்டேன். நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளில் கால் ஊன்ற வேண்டிய தேவையே இல்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்துப் பார்த்தால் முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும். அதுதான் உயரம். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ முழங்காலுக்குப் பின்னால் இழுத்தாலோ, சீட் கூடுதலாக ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவதால் சீட் கம்பியில் என் அளவுக்கு மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். மாற்றிய பிறகு வலி முழுக்கப் போகப் பத்து நாள் பிடித்தது. உங்களுக்குப் போகாவிட்டால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உட்காரும் இடத்து வலி வேறு. அது எல்லோருக்கும் வருவதுதான். எனக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் நன்றாக உதவுகிறது. உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும், இல்லையென்றால் தையல் உரசும். மரத்துப் போவது போல இருந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

ரெசிஸ்டன்ஸை (மிதிக்கும்போது இருக்கும் இறுக்கத்தை) முழுக்கத் தளர்த்திவிட்டு வேகமாகச் சுற்றினால் உடம்பு சீட்டில் குதிக்கும், பயனும் குறைவு. நான் நிமிடத்துக்கு 70 சுற்றில் தொடங்கினேன், இப்போது 85 வரை சுலபமாக வருகிறது. முதல் மாதம் 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவு, அவ்வளவு போதும். திரையில் வரும் கலோரி கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் மின்விசிறி. வெளியே ஓட்டும்போது காற்று தானாக முகத்தில் அடிக்கும். உள்ளே அது கிடையாது, பத்தே நிமிடத்தில் வியர்வை ஊற்றும். விசிறியை நேராக முன்னால் வைத்த நாளிலிருந்துதான் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிந்தது. வியர்வை உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் ஹேண்டில்பாரில் துண்டு போடுகிறேன், முடிந்ததும் துடைக்கிறேன்.

என்னுடையது ஃபெல்ட் உரசும் வகை, அதாவது கம்பளி போன்ற பட்டை சக்கரத்தில் உரசி இறுக்கம் தரும். ஓராண்டில் ஃபெல்ட் தேய்ந்து சத்தம் வந்தது, மாற்றினேன். இன்று வாங்குவதாக இருந்தால் காந்தத்தால் இறுக்கம் தரும் வகையைத்தான் எடுப்பேன். உரசலும் இல்லை, சத்தமும் குறைவு. இன்னொரு முறை டக் டக் என்று கேட்டது, பெடல் தளர்ந்திருந்தது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை அன்றுதான் கற்றேன்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கவனம். பெரும்பாலான ஸ்பின் பைக்கில் கால் நின்றாலும் சக்கரம் பெடலை இழுத்துக்கொண்டு சுற்றும். நிறுத்த, ரெசிஸ்டன்ஸைத் திருகும் நாபை (குமிழை) அழுத்த வேண்டும். நான் இறங்கும்போது ரெசிஸ்டன்ஸை இறுக்கி வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.